காலில் நாடி பார்த்தவர்

“நாலு தடவை பாத்துட்டேன். நாடி இருக்குங்கேன். நீங்க நம்ப மாட்டேங்கீங்க,” என்றார் கோமதிநாயகம்.

அவருக்கு ஐம்பத்து நாலு வயது. இருபத்தைந்து வருஷம் எலும்பு டாக்டராக ஓட்டிவிட்டு, ரத்தக்குழாய் வேலை கற்றுக்கொள்ள வந்து சேர்ந்த மாணவர். குரு டாக்டர் ரஹ்மத் நிஷாவுக்கு முப்பத்தெட்டு. வகுப்பில் முதல் பெஞ்சும் கோமதிநாயகம்தான், கடைசி பெஞ்சும் அவர்தான். வேறு ஆளே கிடையாது.

கட்டிலில் மினிபஸ் கண்டக்டர் சுடலைமுத்து. விபத்தில் முட்டிக்குப் பின்னால் ஓடும் ரத்தக்குழாய் அறுந்துபோய், மற்றக் காலிலிருந்து ஒரு துண்டுக் குழாய் எடுத்து ஒட்டி ஒரு மணி நேரம் ஆகிறது. ரத்தம் பாதம் வரை போனால் கால் தங்கும். போகாவிட்டால் வெட்டி எடுக்க வேண்டியதுதான்.

“கால் என்கூட வீட்டுக்கு வருமா சார்?” என்று மயக்க ஊசிக்கு முன்னால் அவன் கேட்டிருந்தான்.

“வராம எங்க போகும்?” என்று கோமதிநாயகம் சொல்லியும் விட்டார். அதுதான் வினை.

“பாதம் சில்லுன்னு இருக்கே அண்ணாச்சி,” என்றார் நிஷா.

“ஏசி ஓடுதுல்லா.”

“இன்னொரு காலுக்கும் அதே ஏசிதான?”

கோமதிநாயகத்துக்கு மூக்கு சிவந்துவிட்டது. தங்கமான மனுஷன். ஆனால் ஆசை வந்துவிட்டால் கொஞ்சம் கண் தெரியாது.

“சரி, ஒரு நிமிஷம் எண்ணுங்க. சத்தமா,” என்றார் நிஷா.

அவர் வலது கை விரல்களைப் பாதத்தின் மேல் வைத்து அழுத்தினார். நிஷா ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, அவருடைய இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

ஆறுதலுக்குத்தான் பிடிக்கிறார் என்று நினைத்தார் கோமதிநாயகம். மனசு குளிர்ந்து எண்ண ஆரம்பித்தார்.

“ஒண்ணு. ரெண்டு. மூணு...”

நிஷாவின் உதடுகளும் கூடவே அசைந்தன.

“தொண்ணூத்து ரெண்டு.”

“எனக்கும் தொண்ணூத்து ரெண்டுதான்.”

“பாத்தீங்களா?”

“நான் காலைத் தொடவே இல்லையே அண்ணாச்சி.”

மறுபக்கம் பார்த்திருந்த மானிட்டரை நிஷா எட்டித் திருப்பினார். சுடலைமுத்துவின் இதயம் நிமிஷத்துக்கு நூற்றிருபத்து நாலு அடித்துக்கொண்டிருந்தது.

கோமதிநாயகம் திரையைப் பார்த்தார். நிஷாவின் பிடியிலிருந்த தன் மணிக்கட்டைப் பார்த்தார். அவருக்கு அழுகை வந்தது.

“என் விரல்ல துடிச்சதையா இவ்வளவு நேரம்...”

“அவன் மேல உங்களுக்கு அவ்வளவு பிரியம். போகட்டும். இப்ப ஆபரேஷன் தியேட்டருக்குச் சொல்லுங்க.”

சுடலைமுத்து அரைக்கண் திறந்தான். “சார், கால்?”

“ரத்தம் போகல தம்பி,” என்றார் கோமதிநாயகம். “மறுபடி திறக்கணும்.”

திறந்தார்கள். ஒட்டுப் போட்ட இடத்தில் ரத்தம் உறைந்து அடைத்திருந்தது. எடுத்துவிட்டுத் திரும்பத் தைத்தார்கள்.

நிஷா கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டார். “நாடி இருக்கா அண்ணாச்சி?”

கோமதிநாயகம் கட்டிலின் மேல் குனிந்திருந்தார். வலது கை விரல்கள் கண்டக்டரின் பாதத்தில் இருந்தன. இடது கை விரல்கள் தன் கழுத்தில். கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

“ரெண்டு நாடி இருக்கும்மா. வேற வேறயா.”