எள்ளு எதற்குக் காய்ந்தது

முன்பொரு சமயம், தென்காசியில் முத்தரசி வீட்டு அடுப்படி அலமாரியில் இருந்த கருப்பு எள்ளுக்கு மமதை கொஞ்சநஞ்சமில்லை. பூசைக்கு ஒன்பது கிண்ணம் வைத்தால் அதில் ஒன்று அதற்கு. நெல்லோடும் கோதுமையோடும் ஒரே வரிசை! "நவதானியத்துல நானும் ஒருத்தன்" என்று அது சொல்லாத நாள் கிடையாது.

பக்கத்தில் புதிதாக வந்து உட்கார்ந்த ஆளி விதையைக் கண்டால் இளக்காரம்.

"நீ என்ன, தானியமா?"

"இல்லண்ணே, வெறும் விதை."

ஒருநாள் இரண்டையும் மொட்டைமாடியில் காயப்போட்டார்கள். "எள்ளுதான் எண்ணெய்க்குக் காயுது, எலிப்புழுக்கை எதுக்குக் காயுது?" என்றது எள். கூடக் காய்ந்த பூசணி விதை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. ஆளி விதை பாவம், ஓரமாக ஒதுங்கிக்கொண்டது.

அந்த வீட்டுப் பிள்ளை இசைவாணிக்கு எட்டு வயது. எதைத் தின்றாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடும். "மூணு மாசத்துக்குத் தானியமே கூடாது" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அரிசி, கோதுமை, கேழ்வரகு எல்லாம் பரண் ஏறின. "மொறுமொறுன்னு ஏதாவது தாம்மா" என்று பத்து நாள் கேட்டது பிள்ளை. அப்புறம் கேட்பதையும் விட்டுவிட்டது. தட்டைத் தள்ளிவைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்ளும். கை குச்சியாகிவிட்டது.

விதைகளை வைத்தே பிஸ்கட் போட்டுப் பார்ப்போம் என்று இறங்கினாள் முத்தரசி. ஆளியை எடுத்தாள், பூசணியை எடுத்தாள். எள்ளு டப்பாவில் கை வைத்ததும் எள் நெஞ்சை நிமிர்த்தியது.

"ஏங்க, எள்ளு சேக்கலாமா?"

"நவதானியத்துல அதுவும் ஒண்ணுல்லா?" என்றான் அவள் கணவன் நம்பிராஜன். "வேண்டாம்ளா, பிள்ளைக்கு எதாவது ஆயிரப்போவுது."

டப்பா திரும்ப அலமாரிக்கே போயிற்று. தவளை தன் வாயால் கெடும் என்பது சும்மாவா?

பிஸ்கட் வெந்தது. மொறுமொறுப்பு இருந்தது, வாசனைதான் இல்லை. இசைவாணி ஒரு துண்டைக் கடித்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள். "இதுவும் மருந்தாம்மா?"

முத்தரசி பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

அதைக் கேட்ட எள்ளுக்கு மனசு ஆறவில்லை. "நான் சேந்திருந்தா மணமா இருந்திருக்கும். ஆனா தானியம்னா பிள்ளைக்கு ஆவாதே. என்னை ஒதுக்குனது சரிதான்."

"அண்ணே, நிசத்தைச் சொல்லுங்க" என்றது ஆளி. "கிண்ணத்துல வச்சாங்கங்கறதுக்காக நீங்க தானியம் ஆயிட்டீங்களா? நெல்லு மாதிரி கதிர்லயா விளைஞ்சீங்க?"

எள் நிமிர்த்திய நெஞ்சைத் தாழ்த்திக்கொண்டது. "இல்ல தம்பி. காய் வெடிச்சு விழுந்தவன்தான். நானும் வெறும் விதைதான்." சொல்லும்போது கூசியது. சொன்ன பிறகு பாரம் குறைந்தது.

முத்தரசிக்கும் எள்ளு டப்பா கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. மறுநாள் காலையில் டாக்டருக்குப் போன் போட்டாள்.

அவர் சிரித்தார். "எள்ளு எண்ணெய் வித்தும்மா. பூசைக்குத்தான் அது தானியம், வயித்துக்கு இல்ல. தாராளமாப் போடுங்க."

தண்ணீரில் ஊறி வழுவழுவென்று நின்ற ஆளி, வந்து விழுந்த எள்ளை ஆசையாகச் சேர்த்துப் பிடித்துக்கொண்டது. உப்பும் மிளகும் சேர்த்து, தட்டில் மெல்லிசாகப் பரப்பி, கத்தியால் கட்டம் போட்டு ஓவனுக்குள் வைத்தாள் முத்தரசி.

சூடு ஏறியது. ஆளிக்குப் பழைய ஞாபகம் வந்துவிட்டது.

"எள்ளுதான் எண்ணெய்க்குக் காயும். இப்ப எதுக்குண்ணே காயுதீங்க?"

எள் படபடவென்று பொரிந்தது.

வாசனை வீட்டை நிறைத்தது. படுத்திருந்த இசைவாணி தானாக எழுந்து வந்து நின்றாள். ஆறட்டும் என்று அம்மா சொல்லச் சொல்ல, தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மொறுக்.

"இன்னொண்ணு தாம்மா."

மொறுக். மொறுக். முத்தரசி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தட்டில் கடைசித் துண்டு மட்டும் மிச்சம். பிள்ளையின் கை அதை நோக்கி வந்தது.

"இதுக்குத்தான் காஞ்சேன் தம்பி" என்றது எள்.