எஸ்தர் மாற்றிய ஷிஃப்டர்

எஸ்தரின் சைக்கிளைப் பார்த்ததும் தணிகாசலம் கையிலிருந்த டீயை மறந்துபோனார்.

ஏற்காடு மலையடிவாரத்து டீக்கடை. ஞாயிற்றுக்கிழமை காலை. ஆறேழு பேர் சைக்கிள்களைச் சாய்த்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். எஸ்தர் வழக்கம்போல் கடைசியாக வந்து இறங்கினார். அதே நீல நிறப் பழைய ரோடு சைக்கிள். அதே தேய்ந்த சீட். ஆனால் ஹேண்டில்பாரில், இப்போதைய புது சைக்கிள்களில் வருகிற ஷிஃப்டர் மாட்டியிருந்தது. பிரேக் பிடிக்கிற விரலாலேயே கியரும் மாற்றிக்கொள்ளலாம். ஹேண்டில்பாரிலிருந்து பெடல் பக்கம் சாய்ந்து இறங்கும் குழாயில் பல வருஷமாக இருந்த இரண்டு சின்ன கியர் லீவர்களைக் காணோம். அவை இருந்த இடத்தில் மட்டும் பெயிண்ட் மங்காமல் வட்டமாகத் தெரிந்தது.

எல்லோரும் தணிகாசலத்தின் முகத்தைப் பார்த்தார்கள். அவர் கையிலிருந்த டம்ளர் சாய்ந்து டீ ஷூவில் வடிந்துகொண்டிருந்தது. அது அவருக்குத் தெரியவில்லை.

எஸ்தர் முன்பு மாநில அளவில் சைக்கிள் பந்தயம் ஓட்டியவர். தணிகாசலம் அவரைவிடப் பத்து வயதாவது மூத்தவர். சேலத்தில் அச்சகம் வைத்திருந்தார். மாரடைப்பு வந்து பிழைத்தவரை, மாடிப்படி ஏறவே பயந்துகொண்டிருந்தவரை, எஸ்தர் கொஞ்சம் கொஞ்சமாக மலையேற்றிவிட்டார். முதல் தடவை உச்சிக்குப் போய்ச் சேர்ந்த அன்று தணிகாசலம் சாலையோரத்தில் உட்கார்ந்து அழுதார். அன்றிலிருந்து எஸ்தர்தான் அவருக்கு குரு. எஸ்தர் அவரை அண்ணா என்பார். தணிகாசலம் எழுந்து நின்று, “சொல்லுங்க கோச்” என்பார்.

எஸ்தர் அதிகம் பேசுகிறவர் அல்ல. எப்போது தண்ணீர் குடிக்க வேண்டும், எந்த வளைவில் மூச்சைச் சேமிக்க வேண்டும், எப்போது திரும்பிவிட வேண்டும் என்பார். அவ்வளவுதான். அவர் சொல்லாததையெல்லாம் தணிகாசலம் சொன்னார்.

முக்கியமாக அந்த லீவரைப் பற்றி. புதிதாக யார் சேர்ந்தாலும் எஸ்தரின் சைக்கிள் பக்கத்தில் நிறுத்தி விளக்குவார். இந்த லீவரைத் தொட வேண்டுமென்றால் ஹேண்டில்பாரிலிருந்து ஒரு கையை எடுத்தாக வேண்டும். ஒன்றை விட்டால்தான் இன்னொன்று மாறும். கோச் நமக்குச் சொல்லித் தருவது சைக்கிள் அல்ல, இதுதான் என்பார். கேட்டவர்களுக்கு மயிர்க்கூச்செறியும். ஒருமுறை எஸ்தர் பக்கத்தில் இருக்கும்போதே சொன்னார். எஸ்தர் டீயை ஊதிக்கொண்டிருந்தார். மறுக்கவில்லை. அதுவே போதுமானதாக இருந்தது. ஒருவர் பின் ஒருவராகத் தேடிப் பிடித்துப் பழைய சைக்கிள் வாங்கினார்கள். யாரும் லீவரை மாற்றவில்லை.

இன்பராஜ் மட்டும் மாற்றினார்.

அவர் மின்வாரியத்தில் வேலை பார்ப்பவர். ஸ்கூட்டரிலிருந்து விழுந்து இடது மணிக்கட்டு உடைந்து, தேறி வந்திருந்தார். கியர் மாற்ற வலது கையைக் கீழே கொண்டுபோனால் இடது கையால் மட்டும் ஹேண்டில்பாரைத் தாங்க முடியவில்லை, இறக்கத்தில் அந்தக் கை நடுங்கியது. ஒரு ஞாயிறு தன் பழைய சைக்கிளில் புது ஷிஃப்டர் மாட்டிக்கொண்டு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. மறுபடி உச்சி வரை வர முடியும் என்று சொல்லி எல்லோரிடமும் காட்டினார்.

எஸ்தர் அன்று ஊரில் இல்லை. தணிகாசலம் ஷிஃப்டரைக் குனிந்து பார்த்தார். பிறகு எல்லோர் முன்னாலும் சொன்னார்:

“நடுங்கறது கை இல்ல இன்பராஜ், மனசு. உங்களுக்கு ஏத்த குரூப் வேற இருக்கும், பாருங்க.”

இன்பராஜ் டீயைக் குடித்து முடித்தார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ரோட்டுக்குப் போனார். அடுத்த வாரம் வரவில்லை.

எஸ்தர் திரும்பி வந்ததும் இன்பராஜ் எங்கே என்று விசாரித்தார். நம் வழி அவருக்குப் பிடிக்கவில்லை போல என்றார் தணிகாசலம். எஸ்தர் மற்றவர்களைப் பார்த்தார். அவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

“இன்பராஜைக் கூப்பிடுங்கண்ணா” என்றார் எஸ்தர்.

தணிகாசலத்தின் பார்வை எஸ்தரின் சைக்கிளுக்குப் போனது. லீவர் இருந்த இடத்திலேயே இருந்தது. அவருக்குப் புரிந்துவிட்டது. கோச் சோதித்துப் பார்க்கிறார்; நான் இளகுகிறேனா என்று பார்க்கிறார். அவர் கூப்பிடவில்லை. மழைக்காலம் முடிந்த பிறகு எஸ்தர் மறுபடியும் அதையே சொன்னார். தணிகாசலம் மறுபடியும் லீவரைப் பார்த்தார். மறுபடியும் கூப்பிடவில்லை. உறுதியாக நின்றுவிட்டோம் என்று உள்ளுக்குள் ஒரு நிறைவுகூட இருந்தது.

இப்போது அந்த லீவரே இல்லை.

மலை ஏறத் தொடங்கினார்கள். தணிகாசலம் எப்போதும்போல் எஸ்தருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டார். முன்னாலிருந்து ‘டக்’ என்று ஷிஃப்டர் சத்தம் கேட்கும்போதெல்லாம் யாரோ தன் நெஞ்சில் சுண்டுவதுபோல் இருந்தது. இத்தனை வருஷம் சொல்லிக்கொடுத்ததெல்லாம் என்ன ஆவது? பின்னால் வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

ஒரு கொண்டை ஊசி வளைவில் ஏற்றம் செங்குத்தானது. எஸ்தரின் வலது கை தானாகவே கீழே போனது. குழாயைத் தடவியது. அங்கே ஒன்றுமில்லை. கனமான கியரிலேயே கால் திணறி, சைக்கிள் தள்ளாடியது. எஸ்தர் காலைத் தரையில் ஊன்றிவிட்டார்.

தணிகாசலம் பிரேக்கை அழுத்திப் பிடித்தார். அந்த மலையில் எஸ்தர் கால் ஊன்றி அவர் பார்த்ததே இல்லை. மற்றவர்களும் அங்கங்கே நின்றுவிட்டார்கள்.

எஸ்தர் தன் வலது கையை ஒரு கணம் பார்த்தார். பிறகு ஏறி மிதித்தார். அடுத்த வளைவிலும் அந்தக் கை கீழே போனது. பாதியில் நின்று, திரும்பி வந்தது.

மேலே ஏரிக்கரையில் மற்றவர்கள் சாப்பிடப் போனபின் தணிகாசலம் மட்டும் நின்றார். எஸ்தர் சுவரோரம் சைக்கிளைச் சாய்த்துவிட்டுத் துண்டால் முகம் துடைத்துக்கொண்டிருந்தார்.

“பழைய லீவர் உடைஞ்சுபோச்சா, கோச்?”

“இல்லண்ணா. நல்லாத்தான் இருந்துச்சு.”

“அப்போ இது வசதியா இருக்குதுன்னு…”

“எனக்கு அதுதான் வசதி. இது இன்னும் கைக்குப் பழகல. பார்த்தீங்கல்ல.”

தணிகாசலம் விடவில்லை. அந்த லீவரை முதலில் எதற்காக வைத்திருந்தார் என்று கேட்டார். ஒரு கையை விடுவது பற்றி ஏதாவது சொல்வார் என்று அப்போதும் எதிர்பார்த்தார்.

“சைக்கிள் வாங்கறப்பவே அதோடதான் வந்துச்சு” என்றார் எஸ்தர்.

தணிகாசலம் புது ஷிஃப்டரைத் தொட்டுப் பார்த்தார்.

“அப்புறம் எதுக்கு மாத்தினீங்க?”

எஸ்தர் துண்டை மடித்தார்.

“இது இன்பராஜோட ஷிஃப்டர்ண்ணா.”

போன மாதம் இன்பராஜின் வீட்டுக்குப் போனதாகச் சொன்னார். வாசலில் சைக்கிள் இல்லை. யாரோ கேட்டார்கள், கொடுத்துவிட்டேன் என்றாராம் இன்பராஜ். ஷிஃப்டரை மட்டும் கழற்றி அலமாரியில் வைத்திருந்தார். கை நன்றாக ஆகிவிட்டதா என்று எஸ்தர் கேட்டிருக்கிறார். கைக்கு ஒன்றுமில்லை கோச், மனசுதான் நடுங்குகிறதாம் என்று சொல்லிச் சிரித்தாராம். அவர் மனைவி சிரிக்கவில்லையாம். உள்ளே எழுந்து போய்விட்டாராம்.

“நான் கேட்டு வாங்கிட்டு வந்தேன்” என்றார் எஸ்தர்.

தணிகாசலம் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். தான் சொன்ன வார்த்தை ஒரு மனிதன் வீட்டுக்குள் இத்தனை மாதம் இருந்திருக்கிறது. அதை அவன் தன் மனைவியிடமும் சொல்லியிருக்கிறான். ஏரிப் பக்கம் யாரோ குழந்தையைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. அவர் எஸ்தரை நிமிர்ந்து பார்த்தார்.

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே கோச். நீங்க சொல்லி நான் கேக்காம இருந்திருப்பேனா?”

எஸ்தர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவரிடம் நீட்டினார்.

“ரெண்டு தடவை சொன்னேண்ணா. நீங்க லீவரைப் பார்த்துக்கிட்டு இருந்தீங்க.”