நண்டுத்திட்டுக்கு ஆறு வந்த கதை

நண்டுத்திட்டு எங்கே இருக்கிறது என்று கேட்டால், கரையிலிருந்து கடலுக்குள் இரண்டு மணி நேரம் துடுப்புப் போட வேண்டும், காற்று எதிர்த்தால் மூன்று. ஊருக்குக் கிழக்கே கடல், மேற்கே கடல், வடக்கும் தெற்கும் அதேதான். ஆனால் அது ஒரே கடல் என்று சொன்னால் ஊர்க்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஒரே கடல் எப்படி நாலு பக்கமும் ஒரே நேரத்தில் நிற்கும் என்று திருப்பிக் கேட்பார்கள். தங்கமான மனுஷர்கள். மூளை மட்டும் உப்புக்காற்றில் கொஞ்சம் ஊறிப்போயிருந்தது.

அந்த ஊரில் சவரியாயி என்று ஒரு தாய். மகள் ரெஜினாளைக் கரையில் கட்டிக்கொடுத்திருந்தாள். மகளுக்கு இப்போது எட்டாம் மாதம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். பிள்ளைத்தாய்ச்சியை வள்ளத்தில் ஏற்றி அனுப்ப முடியாது, மோட்டார் லாஞ்சு வந்தால் அனுப்புகிறோம், இல்லையென்றால் இங்கேயே பெறட்டும் என்று சம்பந்தி வீட்டார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். ஒரு வாரமாகச் சவரியாயிக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் லாஞ்சு ஆபீசிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஊரில் எழுத்துக் கூட்டத் தெரிந்தவர் தொம்மை ஒருவர்தான். ஊர்த்தலைவர் இன்னாசிக்கு முன்னால் அவர் வாசித்தார். புது லாஞ்சு தீவுகளுக்கெல்லாம் போகப்போகிறது. ஆனால் எந்த ஊரின் பூகோளமும் வரலாறும் மாதக் கடைசிக்குள் வந்து சேருகிறதோ அந்த ஊரில்தான் நிற்கும். பூகோளம் என்றால், ஊரின் நிலத்தை ஒரே தாளில் அடக்கி அனுப்ப வேண்டும்.

அது லேசாக முடிந்தது. ஊரின் நாலு மூலையிலும் ஒவ்வொரு பிடி மணல் அள்ளி, ஒரே தாளில் பொட்டலம் கட்டி நூல் சுற்றி அனுப்பினார்கள். ஐந்தாவது பிடி போட்டால் தாள் கிழியும்போல இருந்ததால் நடு ஊர் விட்டுப்போயிற்று. தொம்மைக்கு அதில் கொஞ்சம் மனக்குறைதான்.

வரலாறுதான் சிக்கலாகிவிட்டது.

“வர... ல... ஆறு,” என்று எழுத்துக் கூட்டினார் தொம்மை.

“எது வரல?” என்றார் இன்னாசி.

“ஆறு வரலன்னு போட்டிருக்கான்.”

எதற்கும் ஒரு சந்தேகம் வைத்திருக்கும் லாசர் குறுக்கே வந்தார். “ஆறுன்னா எண்ணாவே, தண்ணியாவே? ஆறு பேரு வரலயோ என்னமோ.”

இன்னாசி மேலே வாசிக்கச் சொன்னார். அது தெளிவாகவும் சுருக்கமாகவும் ஆழமாகவும் இருக்க வேண்டும், ஓட்டம் எங்கேயும் தடைபடக் கூடாது என்று இருந்தது. ஆறு பேரை யாரும் இப்படிக் கேட்க மாட்டார்கள், தண்ணீர்தான் என்று முடிவாயிற்று.

“நம்ம ஊருக்கு ஆறு வரலங்கது கவர்மெண்டுக்கு எப்படித் தெரிஞ்சுது?” என்றார் லாசர்.

“எங்கப்பா காலத்துலயும் வரல, பாட்டன் காலத்துலயும் வரல,” என்றார் இன்னாசி. “இத்தன வருஷமா ஏன் வரலன்னு ஒருத்தரும் கேக்காம இருந்தோம் பாரும், அதுதான் தப்பு.”

ஆறு இல்லாவிட்டால் லாஞ்சு நிற்காதா என்று சவரியாயி கேட்டாள். நிற்காது என்றார்கள்.

“அப்ப ஒரு ஆறு வெட்டுங்க தலைவரே. எம்புள்ளைக்கு நாள் நெருங்குது,” என்றாள். அவள் கண் கலங்கியிருந்ததைப் பார்த்து, ஊரில் எத்தனை மண்வெட்டி இருக்கிறது என்று எண்ணச் சொன்னார் இன்னாசி.

மறுநாள் ஊரே மண்வெட்டியோடு இறங்கியது. சுருக்கமாக இருக்க வேண்டும் என்பதால், தீவு இடுப்பு மெலிந்து நிற்கும் இடமாகப் பார்த்து வெட்டினார்கள். அது சவரியாயியின் அடுப்படிக்குப் பின்னால் போயிற்று. ஆழத்துக்கும் ஒரு அளவு வைத்திருந்தார்கள். தொம்மை குழிக்குள் நின்று கையைத் தூக்கினால் விரல் வெளியே தெரியக் கூடாது. தெரியாமல் போன அன்றைக்கு அவரை உள்ளேயே மறந்துவிட்டு எல்லாரும் சாப்பிடப் போய்விட்டார்கள்.

இருபது நாளில் மேற்குக் கடலும் கிழக்குக் கடலும் சேர்ந்து, தண்ணீர் குபுகுபுவென்று பாய்ந்தது. லாசர் ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்து, ஆறு உப்புக் கரிக்கிறது என்றார். புது ஆறுதானே, போகப் போகச் சரியாகிவிடும் என்றார் இன்னாசி.

ஆற்றைப் பொட்டலம் கட்ட வழியில்லை. அதனால் தொம்மை ஒரு கடிதம் எழுதினார்: ‘எங்கள் வரலாறு தயார். தாளில் அடங்காது. நேரில் வந்து பார்க்கவும்.’

மற்ற ஊர்களெல்லாம் அரைப் பக்கம் எழுதி அனுப்பியிருக்க, இப்படி ஒரு கடிதத்தைப் பார்த்து ஆபீசில் அசந்துபோனார்கள். பெரிய அதிகாரியே புது லாஞ்சில் கிளம்பிவிட்டார். லாஞ்சைக் கண்ணால் பார்த்த சம்பந்தி வீட்டாரும் ரெஜினாளை அதிலேயே ஏற்றிவிட்டார்கள்.

வழி இருக்கிறதே என்று லாஞ்சுக்காரர் ஆற்றுக்குள்ளேயே விட்டார். லாஞ்சு சவரியாயியின் அடுப்படி வாசலில் வந்து நின்றது. ரெஜினாள் இறங்கி இரண்டே எட்டில் வீட்டுக்குள் போனாள். சவரியாயி மகளைக் கட்டிக்கொண்டு சந்தோஷத்தில் அழுதாள். அடுப்பில் மீன் குழம்பு பொங்கி வழிந்ததை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

அதிகாரி லாஞ்சில் நின்றபடியே, வரலாறு எங்கே என்று கேட்டார்.

“நீங்க நிக்கதே வரலாத்துலதாம்யா,” என்றார் எதிர்க்கரையில் நின்ற இன்னாசி.

அதிகாரி இந்தக் கரையைப் பார்த்தார், அந்தக் கரையைப் பார்த்தார், கோப்பைப் புரட்டினார். கோப்பில் ஒரு தீவு, இங்கே இரண்டு. தெற்குத் திட்டுக்கு லாஞ்சு வந்தாயிற்று, வடக்குத் திட்டுக்கும் வேண்டுமென்றால் அதற்குத் தனியாக ஒரு வரலாறு வேண்டும் என்று எரிச்சலில் சொல்லிவிட்டார்.

இன்னாசிக்கு முகம் மலர்ந்துவிட்டது. தொம்மையை மண்வெட்டி எடுக்கச் சொன்னார்.

“அங்கயும் வெட்டினா அது ரெண்டாப் போகும்லா,” என்றார் லாசர். “அந்த மூணாவது திட்டுக்கு?”

இன்னாசி விரல் விட்டுக் கணக்குப் போட்டார். மூன்றாவது திட்டில் இரண்டு பனையும் லாசர் வீடும்தான் மிஞ்சும். ஆறு வெட்ட இடம் பத்தாது. கடைசியில் ஒரு தாளோடு அங்கே போய், நாலு பிடி மணலைப் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்து, அந்தத் திட்டைக் கையோடு எடுத்துப் போய்விடும்படி அதிகாரியிடம் பணிவாகக் கொடுத்தார்.

லாசர் வீட்டுக்கு ஓடிப் பாயையும் தலையணையையும் சுருட்டிக்கொண்டு வந்து லாஞ்சில் ஏறி, அதிகாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“பொட்டலத்தைச் சாய்க்காமப் பிடிங்கய்யா,” என்றார். “வீடு அதுலதான் இருக்கு.”