மூடிக்கு வைத்த சந்தனம்

ஒரு காலத்தில் ஒரு சின்ன பெட்ரோல் இன்ஜின் இருந்தது. வயலில் தேங்கும் தண்ணீரை இறைத்துக் கொட்டுவது அதன் வேலை. உச்சியில் டேங்கு, டேங்கின் மேல் மூடி. கீழே ஃபில்டர், அதற்கும் கீழே கார்புரேட்டர். பெட்ரோல் மேலிருந்து தானாக இறங்கி வரும். காற்று உள்ளே போவதற்காக மூடியில் ஊசிமுனை அளவு ஓர் ஓட்டை. அதை யார் மதித்தார்கள்?

ஆயுதபூஜை வந்தது. இன்ஜின்காரர் உத்திராபதி எல்லாவற்றையும் துடைத்தார். உயரத்தில் இருக்கிறதே என்று மூடிக்கு மட்டும் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்தார். ஓட்டை அடைபட்டுப்போனது. மூடிக்கோ தலைகால் புரியவில்லை.

"பாத்தீங்களாடா? பொட்டு யாருக்கு? எனக்கு!"

மறுவாரமே மழை பிடித்துக்கொண்டது. உத்திராபதியின் நாற்றங்கால் முங்கியது. இன்னொரு பொழுது தண்ணீர் நின்றால் நாற்று அழுகிவிடும். அப்புறம் நடவு ஏது, சோறு ஏது?

இன்ஜின் ஓடியது. கொஞ்ச நேரத்தில் விக்கி, இருமி, நின்றது.

உத்திராபதி மூடியைத் திறந்து பெட்ரோல் இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. மூடினார். கார்புரேட்டரைக் கழற்றி ஊதி மாட்டினார். ஓடியது, மறுபடி நின்றது. திரும்பவும் திறந்து பார்த்து மூடினார். ஃபில்டரை மாற்றினார். ஓடியது, நின்றது.

"சனியனே! என் குடியைக் கெடுக்கவே வந்தியா?" என்று ஸ்பேனரால் கார்புரேட்டரை ஓங்கி அடித்தார்.

கார்புரேட்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏய் பெட்ரோலு! நான் இங்க அடி வாங்குறேன், நீ மேல சொகுசா தூங்குறியா?"

"எறங்க விட்டாத்தானே!" என்று பெட்ரோல் கத்தியது. "நான் எறங்கின எடத்துக்குக் காத்து வரணும்ல? இந்த மூடிப்பய மூக்கை அடைச்சிக்கிட்டு என்னை இழுத்துப் பிடிக்கிறான்!"

"சாமிப் பொட்டுடா!" என்றது மூடி. "கை வச்சா கண்ணு அவிஞ்சிடும்."

முழங்கால் தண்ணீரில் நின்ற உத்திராபதியின் மனைவி செண்பகவல்லி பொறுமையிழந்தாள். "ஏங்க, மூடியைத் தொறந்து பாத்தா ஓடுது, மூடிட்டா கொஞ்ச நேரத்துல நிக்குது. கோளாறு மேல இருக்கு. நீங்க கீழ இருக்கிறதையே அடிச்சிக்கிட்டு இருக்கீங்க!"

தாலியில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றினாள்.

"அடியே, பூஜைப் பொட்டு! தானா உதிரணும், சொரண்டக் கூடாது!"

"நாத்து செத்தா எந்தச் சாமி வந்து நடும்? தள்ளுங்க!"

காய்ந்த சந்தனத்தைச் சுரண்டி, ஓட்டையில் ஊக்கை விட்டுக் குத்தினாள். புஸ்ஸென்று காற்று உள்ளே பாய்ந்தது. இன்ஜின் பிடித்தது. அப்புறம் அது நிற்கவே இல்லை.

பொழுது சாய்வதற்குள் தண்ணீர் வடிந்தது. ஆனால் பள்ளத்துப் பக்கம் இருந்த பாதி நாற்று மஞ்சளாகி, கொழகொழத்துக் கிடந்தது. செண்பகவல்லி ஒரு பிடியை அள்ளிப் பார்த்தாள். அதை அப்படியே மூடியின் மேல் விசிறி அடித்தாள்.

"ஐயோ, என் பொட்டைக் கலைச்சிட்டாங்களே!" என்று மூடி அலறியது.

கீழே இருந்து கார்புரேட்டர் காறித் துப்பியது.

"தூ! நீ அடைச்சதுக்கு அடி வாங்கினது நான், அழுகினது நாத்து. நீ பொட்டு போச்சுன்னு அழுவுறியா?"