யானைக்குக் குத்தாத நெருஞ்சி

காட்டோரத்தில் கரும்புத் தோட்டம் வந்த பிறகு விலங்குகள் தின்றுவிட்டுப் படுத்தே கிடந்தன. முயலுக்குப் பத்தடி ஓடினாலே மூச்சு வாங்கியது. போன வாரம் நரியிடமிருந்து மயிரிழையில் தப்பியது.

எல்லோரும் ஓடியாடட்டும் என்று தலைவி யானை குளத்தருகே புதர்களை மிதித்து ஒரு திடல் அமைத்தது. யாரும் வரவில்லை.

"சோம்பேறிகள்! பௌர்ணமியன்று திடலைப் பன்றிகளுக்குக் கொடுத்துடுறேன். கிழங்காவது தோண்டட்டும்" என்று யானை கோபித்துக்கொண்டது. அதற்குமுன் எத்தனை பேர் வருகிறார்கள் என்று ஏழு நாள் எண்ணிச் சொல்லும்படி சருகுமானை அனுப்பியது.

சருகுமானுக்கு இலை உதிர்ந்தாலே பயம். புதருக்குள் பதுங்கியபடி ஏழு நாளும் எண்ணியது. வந்தவை ஓர் ஆமையும் ஓர் உடும்பும்தான்.

அது இருப்பிடம் திரும்பியதும் முயல் பக்கத்தில் வந்து குசுகுசுத்தது. "அம்பதுன்னு சொல்லிடேன். யானையம்மா வந்து எண்ணியா பாக்கப்போறாங்க?"

சருகுமானுக்கு ஆசையாகத்தான் இருந்தது. திடல் போய்விட்டால், அடுத்த முறை நரி முயலை விடாது. ஆனாலும் இல்லாததைச் சொல்ல நாக்கு எழவில்லை.

"அது இருக்கட்டும். நீ ஏன் வரல?"

"வந்தேனே. பாதி வழியில திரும்பிட்டேன்." முயல் பாதத்தைத் தூக்கிக் காட்டியது. மூன்று நெருஞ்சி முட்கள்!

பௌர்ணமிக்கு இன்னும் ஒரு நாள் இருந்தது. சருகுமான் திடலை விட்டுப் பாதையோரம் போய் உட்கார்ந்தது. அன்று மட்டும் முப்பத்தொரு விலங்குகள் வந்து, நொண்டியபடி திரும்பின. ஒவ்வொன்றிடமும் காரணம் கேட்டுக்கொண்டது.

மறுநாள் காலை சருகுமான் யானை முன் போய் நின்றது. திடலுக்கு வந்தது ரெண்டே பேர் என்று முதலில் சொன்னது. பன்றிகள் குதூகலித்தன.

"வர நெனச்சு வழியில திரும்பினது, நேத்து மட்டும் முப்பத்தொரு பேர். பாதையெல்லாம் முள்ளு, யானையம்மா."

"முள்ளா? தினம் அந்த வழியாத்தானே போறேன். எனக்கு ஒண்ணும் குத்தலையே!"

"உங்க பாதத்துக்குக் குத்தாதும்மா."

சருகுமான் ஒரு நெருஞ்சிக் கொடியை முன்னால் வைத்தது. யானை துதிக்கை நுனியால் தொட்டுப் பார்த்துவிட்டு, வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. பிறகு பன்றிகளிடம், பாதையோரக் கிழங்கெல்லாம் உங்களுக்குத்தான், முதலில் அந்த நெருஞ்சியை வேரோடு கிளறிப் போடுங்கள் என்றது.

வெயில் தாழ்ந்ததும் திடலில் புழுதி பறந்தது. நாற்பதுக்குமேல் சருகுமானால் எண்ண முடியவில்லை. முயல் மூன்றாவது சுற்றில் தடுக்கி விழுந்தது, எழுந்தது, மறுபடியும் ஓடியது.

பிறரைச் சோம்பேறி என்று பழிக்கும்முன், அவர்கள் வரவேண்டிய வழி எப்படி இருக்கிறது என்று போய்ப் பார்க்க வேண்டும்.