பெனிட்டாவின் ஒரு நிமிடம்

உயரம் தாண்டுவதில் ஒரு காலத்தில் மாநிலத்திலேயே பேர்போனவள் பெனிட்டா. முப்பத்து நாலு வயதில் அந்தப் பேரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல், ஒரு வெள்ளிக்கிழமை காலை தூத்துக்குடி மைதானத்தில் வடிவக்காவின் முன்னால் வந்து நின்றாள்.

வடிவக்கா என்கிற சங்கரவடிவு அவளைவிட மூன்று வயது மூத்தவள். இரண்டு பேரும் ஒரே கம்பியைத் தாண்டப் போட்டி போட்டவர்கள். பெனிட்டா முதலிடம், வடிவு இரண்டாமிடம் என்பது எழுதி வைத்தது மாதிரி நடக்கும். முழங்கால் போனதும் வடிவு மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வந்துவிட்டாள். தன்னை ஜெயித்தவளையே மாணவியாகச் சேர்த்துக்கொள்ள ஒரு மனசு வேண்டும். அது வடிவுக்கு இருந்தது. தான் ஜெயித்தவளிடமே போய்க் கற்றுக்கொள்ளவும் ஒரு மனசு வேண்டும். அது பெனிட்டாவுக்குப் பாதிதான் இருந்தது.

"என்ன, மூஞ்சி பேயறஞ்ச மாதிரி இருக்கு?"

"அமலதாஸ் இன்னைக்குப் பதில் கேட்டிருக்காருக்கா. சாயந்திரத்துக்குள்ள சாமியார்ட்ட பேர் குடுத்தாத்தான் ஞாயித்துக்கிழமை பூசையில ஓலை வாசிப்பாங்களாம்."

கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசித்துவிட்டால் கல்யாணச் சேதி ஊருக்கே தெரிந்துவிடும். அதற்கப்புறம் பின்வாங்கினால் ஊர் வாயில் விழ வேண்டியதுதான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அமலதாஸ் நாலு வருஷமாகக் காத்திருக்கிறார். அவர் கேட்கும்போதெல்லாம் அவள் ஒரே பதிலைச் சொல்லி வந்தாள். இந்த ஒரு போட்டி முடியட்டும்.

"அவரைப் பிடிக்கலையா?"

"பிடிக்கும்க்கா. அதான் பயமே."

"புரியுற மாதிரி சொல்லு."

"ஒன்னு எழுபத்தெட்டு மீட்டர் தாண்டினவ நான். இப்ப ஒன்னு அறுபத்தஞ்சுக்கே நாக்குத் தள்ளுது. ரெண்டு வருஷமா ஒரு மெடல் கிடையாது. ஒரே ஒரு தடவை ஜெயிச்சுட்டு, ஜெயிச்ச கையோட அவர்ட்ட போகணும். தோத்தவளாப் போனா அங்கயும் தோத்துருவேனோன்னு இருக்கு. தோக்காம நிறுத்த ஒரு வழி சொல்லுங்க."

வடிவு கம்பியை ஒன்று எழுபதில் வைத்தாள். மெத்தை ஓரத்தில் கிடந்த, தாண்டினால் தூக்கும் வெள்ளைக் கொடியையும் தட்டிவிட்டால் தூக்கும் சிவப்புக் கொடியையும் எடுத்துக்கொண்டாள். கழுத்தில் தொங்கிய ஸ்டாப்வாட்சைத் தட்டினாள்.

"போட்டி மாதிரியே. ஒரு நிமிஷம். தாண்டு."

பெனிட்டா ஓடினாள். கம்பிக்கு இரண்டடி முன்னால் கால் தானாக நின்றுவிட்டது. திரும்பி நடந்து மறுபடி ஓடினாள். மறுபடி நின்றாள். இந்த வியாதி அவளுக்கு ஒரு வருஷமாக உண்டு. வெளியே சொல்ல வெட்கப்பட்டு, பாதம் சரியாக விழவில்லை என்று சமாளித்து வந்தாள். மூன்றாவது தடவை அடியை அளந்து, சிலுவை போட்டுக்கொண்டு, மூச்சை இழுத்தபோது வடிவு சிவப்புக் கொடியைத் தூக்கினாள்.

"நான் தொடவே இல்லையேக்கா."

"ஆமா."

"கம்பி அப்படியே இருக்கு."

"இருக்கு. நிமிஷம் முடிஞ்சிருச்சு."

பெனிட்டாவுக்குக் கோபம் வந்தது. பதினெட்டு வருஷம் தாண்டியவளுக்கு இந்த விதி தெரியாதா? நேரத்துக்குள் தாண்டாவிட்டால், கம்பியைத் தட்டிவிட்டதும் தாண்டாமலே நின்றதும் ஒன்றுதான். தெரிந்த விதிதான் என்றாலும் கொடியாகத் தூக்கிக் காட்டியபோது சுருக்கென்றது.

புல்லில் கிடந்த பைக்குள் போன் அடித்தது. யாரென்று இரண்டு பேருக்குமே தெரியும். ஒருவரும் எடுக்கவில்லை. அது அடித்து ஓய்ந்தது.

"சரி, தாண்டுறேன்னே வச்சுக்குவோம்," என்றாள் பெனிட்டா. "கம்பி விழுந்துட்டா?"

வடிவு கொடிகளைச் சுருட்டினாள்.

"என்கூட நின்ன போட்டியில நீ எத்தனை தடவை ஜெயிச்சிருப்ப?"

"பதினொன்னு."

"பதினொரு தடவையும் நான் ரெண்டாவது. என் ஆட்டம் முடிஞ்சிரும். பெஞ்சில உக்காந்து உன்னைத்தான் பாத்துட்டு இருப்பேன். வயித்தெரிச்சலோடதான், பொய் சொல்லுவானேன். ஜெயிச்சாச்சுன்னு தெரிஞ்சும் நீ கிளம்ப மாட்ட. கம்பியை ஏத்தச் சொல்லுவ. தாண்டுவ. இன்னும் ஏத்தச் சொல்லுவ."

"ஆமா."

"அந்தப் பதினொரு நாள்ல, கம்பி நிக்குறப்ப நீ வீட்டுக்குப் போன நாள் ஒன்னு சொல்லு."

பெனிட்டா ஒவ்வொரு நாளாக எண்ணிப் பார்த்தாள். ஜெயித்த பதினொரு நாளும் கடைசியில் கம்பியைத் தட்டி விழவைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போயிருந்தாள்.