பிறவாத பங்காளிகளின் கண்மாய்

விண்ணிலிருந்து பேரிரைச்சலோடு இறங்கிய கங்கையைச் சடையில் வாங்கி, இவ்வுலகம் எவ்வளவு தாங்குமோ அவ்வளவே அவிழ்த்துவிட்ட பெருமானின் திருவடிகளை முதற்கண் வணங்குகிறோம். அவன் காவாத கரை நில்லாது. அவன் நினையாத மடை திறவாது. அவன் படைத்த உலகில் அறிவாளிகளுக்கு இடம் உண்டு. மற்றவர்களுக்கு அதைவிடச் சற்றுத் தாராளமாகவே இடம் உண்டு. அந்த மற்றவர்களுள் ஒரு பகுதியார் மதிகண்டநல்லூரில் குடியிருந்தார்கள்.

மதிகண்டநல்லூருக்குக் கண்மாய் ஒன்று. கண்மாய்க்கு மடை ஒன்று. மடைக்கு நீர்க்கட்டி ஒருவர். வெள்ளைக்கண்ணு என்பது அவர் பெயர். மடையைத் திறப்பதும், அடைப்பதும், மண்வெட்டியும் கையுமாய் வயல் வயலாகத் தண்ணீரைத் திருப்பிவிடுவதும் அவர் தொழில். அதற்குக் கூலியாக அறுப்புக் களத்தில் ஊரார் அவருக்கு நெல் அளப்பார்கள். அந்த ஆண்டு அந்த நெல்லை அவர் வழக்கத்தினும் ஆவலாக எதிர்பார்த்திருந்தார். மகள் நாச்சம்மை ஏழு மாதக் கர்ப்பிணியாய்த் தாய்வீடு வந்திருந்தாள். நெல் கொட்டிவைக்கும் மண் குலுக்கை வெறுமையாய் நின்றது.

"பிள்ளை பெத்தவளுக்குச் சோறு எங்கேர்ந்து வரும்?" என்று அவர் மனைவி ஆண்டிச்சி நாள்தோறும் கேட்டுக்கொண்டே குலுக்கையைத் தட்டிக் காட்டுவாள். குலுக்கையும் தன்னிடம் ஒன்றுமில்லை என்று கணீரென்று பதில் சொல்லும்.

மடை திறப்பதற்கு அவ்வூரில் ஒரு வழக்கம் இருந்தது. கண்மாய்த் தண்ணீரில் பங்குடையவர் பன்னிருவர். பன்னிருவரும் கரைமீது வரிசையாக நின்று, ஆளுக்கொரு முறை "திற" என்று வாயால் சொல்லவேண்டும். பதினொருவர் சொல்லி ஒருவர் சொல்லாவிடினும் மடை திறக்கலாகாது. முன்னொருமுறை பங்காளி ஒருவர் பழனிக்குப் பாதயாத்திரை போய்விட்டார். அவர் திரும்பும்வரை ஊர் காத்திருந்தது. அவர் வந்து சேர்ந்தபோது வயலில் பயிர் இல்லை. ஆயினும் அவர் "திற" என்றார், திறந்தார்கள், வழக்கம் காப்பாற்றப்பட்டது.

தை மாதம். நெல் கதிர்விட்டுப் பால் பிடிக்கும் பருவம். இன்னும் ஒரே ஒரு தண்ணீர் பாய்ந்தால் விளைந்துவிடும், பாயாவிட்டால் பதராகிவிடும். அச்சமயத்தில் அரசாங்கத்திலிருந்து ஓர் அதிகாரியம்மாள் வந்து, ஊர்ப் புங்கமரத்தடியில் மைக் பிடித்து, நீடித்த வளர்ச்சி பற்றிப் பேசினார்.

"உலகம் முழுவதும் தண்ணீர் குறைகிறது, வெயில் ஏறுகிறது, பசி தீரவில்லை. நீங்கள் மூன்றே மூன்றை மனத்தில் வையுங்கள். ஊருக்குள் பசித்தவர் ஒருவரும் இருக்கக்கூடாது. ஒரு மரம் வெட்டினால் பத்து மரம் நடவேண்டும். இந்தக் கண்மாய் உங்களுக்கு மட்டும் சொந்தமில்லை. இனிப் பிறக்கப்போகிறவர்களும் இதில் பங்காளிகள்."

ஊரே கைதட்டியது. அம்மையார் மோர் அருந்திவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார். நல்ல வார்த்தைகளைச் சொல்லிவிட்டு, கேட்டவர்கள் யார் என்று பாராமல் போவது அபாயம் என்பதை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

மறுநாள் ஊர்த்தலைவர் பெரியணன் அம்பலம் கூட்டம் போட்டார்.

"ஊருக்குள்ள பசிச்சவன் இருக்கக்கூடாதுன்னுட்டாங்க. பசி வந்தா என்ன பண்றது?"

"வெளியே போயிரணும்" என்றார் உடையணன். இவர் ஊரின் சட்ட நிபுணர். ஒருமுறை கோர்ட்டுக்குச் சாட்சி சொல்லப் போய், வழக்குக்கு வேறு தேதி கொடுத்துவிட்டார்கள் என்பதால், அந்த அரை நாளிலேயே சட்டம் முழுவதையும் கற்றுத் திரும்பியவர்.

அன்றுமுதல் உச்சிவேளையில் ஊரார் அனைவரும் தூக்குச்சட்டியோடு எல்லைக்கல்லைத் தாண்டிப்போய், அங்கே நின்று பசித்து, அங்கேயே உண்டு, ஏப்பம் வந்த பிறகே ஊருக்குள் காலெடுத்து வைத்தார்கள். மதிகண்டநல்லூரில் பசி அடியோடு ஒழிந்தது. பக்கத்து ஊரில் பசித்தவர் தொகை திடீரென்று கூடிற்று. அது அந்த ஊர்க்காரர்கள் கவலை.

அடுத்து மரம். "வெட்டினாத்தானே நடமுடியும்?" என்றார் அம்பலம். நியாயமாகவே பட்டது. புங்கமரத்தை வெட்டினார்கள். பத்துக் கன்று நட இடம் போதவில்லை. சுற்றிலும் மரங்கள் நின்று மறித்தன. இன்னும் இரண்டை வெட்டினார்கள். கணக்கு முப்பதாயிற்று. முப்பதுக்கு இடம் தேடி மேலும் ஆறு. பொழுது சாய்வதற்குள் ஒன்பது மரம் போய், தொண்ணூறு கன்றுக்கு விசாலமான இடம் கிடைத்துவிட்டது.

"இப்ப கன்னு வேணுமே" என்றார் வெள்ளைக்கண்ணு.

"விதை போட்டா முளைக்கும்யா."

"விதை?"

"மரத்துலேர்ந்து விழும்" என்ற அம்பலம் அண்ணாந்து பார்த்தார். மற்றவர்களும் பார்த்தார்கள். வானம் மிக நிர்மலமாக இருந்தது.

எட்டாம் நாள் பன்னிரு பங்காளிகளும் கண்மாய்க்கரையில் கூடினார்கள். பன்னிருவரும் பிழையின்றி "திற" என்றார்கள். வெள்ளைக்கண்ணு வேட்டியைத் தார்பாய்ச்சிக் கட்டி, மார்பளவு நீரில் இறங்கி, மடைப்பலகையில் கை வைத்தார்.

"நில்லு வெள்ளைக்கண்ணு!" என்றார் உடையணன். "இன்னும் கொஞ்சம் பங்காளிக சொல்லலை."

"பன்னெண்டு பேரும் சொல்லியாச்சேய்யா?"

"பிறந்த பங்காளி பன்னெண்டு. பிறக்கப்போற பங்காளி?"

பன்னிருவரும் விரல்விட்டு எண்ணத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். வெள்ளைக்கண்ணு தண்ணீருக்குள்ளேயே நின்றார். ஏறச் சொல்ல எவருக்கும் தோன்றவில்லை.

"அவங்கள்ல ஒருத்தர் நம்ம நாச்சம்மை வயித்துல இருக்காரு" என்று ஒருவர் நினைவூட்டினார். நாச்சம்மை அழைத்துவரப்பட்டாள். பன்னிருவரும் தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்கள். அம்பலம் குனிந்து, அவள் வயிற்றை நோக்கி மரியாதையாகக் கேட்டார்:

"ஐயா... இல்ல, அம்மா... யாராயிருந்தாலும் சரி. மடையைத் திறக்கலாங்களா?"

பன்னிருவரும் காதைத் தீட்டிக்கொண்டு குனிந்தார்கள்.

"பெரியப்பா, நிக்கமுடியலை, கால் கடுக்குது. நான் சொல்றேன், திறங்க" என்றாள் நாச்சம்மை.

"நீ பேசாத ஆத்தா. நீ பிறந்தவ" என்றார் அம்பலம்.

"தூங்குறாரோ என்னமோ" என்றார் ஒருவர்.

"முழிச்சுச் சொன்னாலும் செல்லாது" என்றார் உடையணன். "இவரு சரிம்பாரு. இவரு பிள்ளை? அவரு பேரன்? ஒருத்தரை விட்டுட்டுத் திறந்தா நாளைக்கு வந்து சட்டையைப் பிடிப்பாங்க."

அம்பலம் நெடுநேரம் யோசித்துத் தீர்ப்புரைத்தார்: "எல்லாரும் பிறந்து முடிக்கட்டும். அதுவரைக்கும் மடை மூடியே இருக்கட்டும்."

"எப்பய்யா பிறந்து முடிப்பாங்க?" என்று தண்ணீருக்குள்ளிருந்து வெள்ளைக்கண்ணு கேட்டார்.

"அதை நாம அவசரப்படுத்தக்கூடாது."

அதன் பின் வெள்ளைக்கண்ணுவுக்கு உறக்கம் பிடிக்கவில்லை. கரையின் ஒரு பக்கம் தண்ணீர் அலையடித்துக் கிடந்தது. மறுபக்கம் நெல், தாள் சுருண்டு, தலை துவண்டு கிடந்தது. நடுவே அவர் நடந்தார். ஆண்டிச்சி வாசலிலேயே காத்திருந்து கேட்டாள்: "உங்களை ஊரு வச்சிருக்கிறது தண்ணி விடுறதுக்கா, தண்ணிக்குக் காவலிருக்கிறதுக்கா? இவ பிள்ளையைப் பெத்துட்டு மண்ணையா திங்கப் போறா?"

அவர் மூன்று நாள் யோசித்தார். மதிகண்டநல்லூரில் அவ்வளவு காலம் தொடர்ந்து யோசித்தவர் அதற்குமுன் எவருமில்லை. நான்காம் நாள் கூட்டத்தில் எழுந்து நின்றார்.

"பங்காளி வீட்டு நகையை ஒரு கல்யாணத்துக்கு இரவல் வாங்கிப் போட்டுட்டுத் திருப்பிக் கொடுக்கிறோம். அது தப்பா?"

"தப்பில்லை."

"அதே மாதிரி, தண்ணியைச் செலவழிக்க வேணாம். பயிருக்குக் கொண்டுபோய்க் காட்டுவோம். கண்ணால பார்த்தா அதுக்கும் ஒரு ஆறுதல். காட்டிட்டு, அப்படியே திருப்பிக் கண்மாயில ஊத்திருவோம்."

சபை அசந்துபோயிற்று. "செலவுன்னாதான் 'திற' சொல்லணும். இதுக்குச் சட்டத்துல 'காட்டு'ன்னு சொன்னா போதும்" என்று உடையணன் வழி செய்துகொடுத்தார். பன்னிருவரும் "காட்டு" என்றார்கள். அளவுகல்லில் நீர்மட்டத்துக்கு நேராகச் சுண்ணாம்பால் கோடு கிழித்துவிட்டு மடையைத் திறந்தார்கள்.

காலையிலிருந்து உச்சிவரை பயிருக்குத் தண்ணீர் காட்டப்பட்டது. உச்சியில் மடையை அடைத்துவிட்டு, ஊரே குடமும் வாளியும் இறைகூடையுமாக வயலில் இறங்கி, காட்டிய தண்ணீரை அள்ளி அள்ளிக் கண்மாயில் ஊற்றியது. பொழுது விழும் வேளையில் அம்பலம் அளவுகல்லைப் பார்த்தார்.

"ஒரு சாண் குறையுது!"

"நான் குடிக்கலை" என்று பன்னிருவரும் தனித்தனியே சொன்னார்கள்.

"அப்ப யாரு?"

உடையணன் வயலில் இறங்கிப் புலன் விசாரித்தார். சற்று நேரத்தில் நிமிர்ந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "காலையில தலை தொங்கிக் கிடந்தவன் எல்லாம் இப்ப நெஞ்சை நிமிர்த்திக்கிட்டு நிக்கிறான். ஒவ்வொருத்தன் காலையும் பாருங்க, ஈரம்!"

ஐயத்துக்கு இடமே இல்லை. பிறவாத பங்காளிகளின் தண்ணீரை நெல் திருடிவிட்டது. நெல்லை வயலிலேயே நிறுத்தி விசாரிப்பதென்று முடிவாயிற்று. ஆனால், சட்டப்படி எந்த வழக்கையும் முதல் நாளில் விசாரிக்கக்கூடாது என்று உடையணன் வற்புறுத்தினார். அவர் கண்ணால் கண்ட கோர்ட்டு வழக்கம் அது. முப்பது நாள் தள்ளித் தேதி கொடுத்தார்கள்.

முப்பதாம் நாள் ஊர் வரப்பில் கூடியது. குற்றவாளிகளைப் பார்த்ததும் அம்பலமே ஓரடி பின்வாங்கினார். வயல் முழுவதும், ஒன்று பாக்கியில்லாமல், முகம் மஞ்சளாய் வெளுத்து, தலையைத் தரையைப் பார்த்துக் குனிந்து நின்றது.

"தலை நிமிரமாட்டேங்குறானே. இதுக்கு மேல சாட்சி எதுக்கு?" என்றார் அம்பலம். கண்ணைத் துடைத்துக்கொண்டு தண்டனையை ஒவ்வொன்றாகச் சொன்னார்: "கழுத்தை அறுங்க. களத்துல போட்டு அடிங்க. கொதிக்கிற தண்ணியில போட்டு அவிங்க. வெயில்ல காயப்போடுங்க. மில்லுக்குக் கொண்டுபோய்த் தோலை உரிங்க. மறுபடியும் அவிங்க."

"ரெண்டு தரமாய்யா?" என்றார் வெள்ளைக்கண்ணு, மனம் பொறுக்காமல்.

"திருடினது பிள்ளைக தண்ணியை. அப்பவும் மிச்சமிருந்தா ராத்திரி முழுக்கத் தண்ணியிலயே முக்கிவைங்க. தண்ணி ஆசை தீரட்டும்."

தண்டனை பெருந்தண்டனையாதலால், நிறைவேற்றும் பொறுப்பை வீட்டுக்கு வீடு பகிர்ந்துகொண்டார்கள். வெள்ளைக்கண்ணுவின் பங்குக்கு வந்த கைதிகளை அடைத்ததில் குலுக்கை கழுத்துவரை நிரம்பிற்று. ஆண்டிச்சி ஒரு கேள்வியும் கேளாமல் மூடியைப் போட்டு மெழுகினாள். பின்னொரு நாள் விடியற்காலையில், இரவெல்லாம் தண்ணீரில் முக்கப்பட்ட குற்றவாளிகளை மோர்மிளகாயோடு தண்டித்தபடியே வெள்ளைக்கண்ணு, நீதி இவ்வளவு குளிர்ச்சியானது என்று தாம் எண்ணியதே இல்லை என்றார்.

பங்குனியில் நாச்சம்மைக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிறந்துவிட்டபடியால் பிறவாத பங்காளி என்னும் உரிமை அதற்கு அன்றோடு போயிற்று என்று உடையணன் வந்து முறைப்படி அறிவித்துவிட்டு, கருப்பட்டி வாங்கிக்கொண்டு போனார்.

விதைநெல்லை மட்டும் ஊர் மன்னித்துவிட்டது. "அப்பன் திருடினதுக்குப் பிள்ளைக என்ன பண்ணும்?" என்றார் அம்பலம். புரட்டாசியில் அவ்விதை நாற்றாகி, பறித்து நடப்பட்டு, வயலில் வேர் பிடித்தது. மறுபடியும் தண்ணீர்ப் பேச்சு வந்தது. இன்னொரு முறை காட்டி, இன்னொரு முறை அள்ளி ஊற்ற ஊராரின் இடுப்பு இடம் தராது.

அம்பலம் வரப்பில் சூடம் ஏற்றினார். "பிள்ளைகளா! உங்க பரம்பரையில ஒரு களங்கம் இருக்கு. தண்ணியை நாங்க சும்மா கொண்டாந்து நிறுத்துவோம். ஒரு சொட்டுக் குடிக்கமாட்டோம்னு இந்தச் சூடத்து மேல சத்தியம் பண்ணுங்க."

அப்போது தென்மேற்கிலிருந்து ஒரு காற்று வீசிற்று. வயல் முழுவதும் ஒருசேரத் தலையாட்டியது.

"யாரும் குடிக்கப்போறதில்லைன்னா, பிறவாதவங்களை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்?" என்றார் உடையணன். பன்னிருவரும் "திற" என்றார்கள். வெள்ளைக்கண்ணு ஒரே முக்கில் மூழ்கி மடைப்பலகையை உயர்த்தினார். தண்ணீர் வாய்க்காலில் சலசலத்து ஓடி, சத்தியம் செய்த பயிரின் நடுவே நம்பிக்கையோடு நின்றது.

எனினும், எதற்கும் இருக்கட்டும் என்று உடையணன் ஒரு குடையோடு வரப்பில் குந்தி, எந்தப் பயிராவது வாயைத் திறக்கிறதா என்று கண்ணிமைக்காமல் பார்த்திருந்தார். அறுப்புவரை ஒன்றுகூடத் திறக்கவில்லை.

இதனைக் கேட்டவர்களின் ஊரில் பருவம் தவறாமல் மழை பொழிக! அவர்கள் உலையில் என்றும் அரிசி துள்ளுக! பிறந்தவரும் இனிப் பிறப்பவரும் ஒரு கரையில் நின்று உண்டு மகிழ, எம்பெருமான் அருள் புரிக!